உயரம்

உயரம் எழுத அட்டையில்
ஒரே ஒரு கட்டம்.
முதல் தடவை எழுதினால் போதும்.
பிள்ளை சுமந்து வருகிறவள்
வளர்ந்து முடித்துவிட்டுத்தான் வருவாள் என்று
அச்சடித்தவர் நினைத்திருப்பார்.

காசிமேட்டுச் சுகாதார நிலையம்.
செவ்வாய்க்கிழமை, பதினான்காம் டோக்கன், லோஷினி.
"பத்தொம்போதுன்னு போட்டுக்கோம்மா"
என்றாள் கூட வந்த மாமியார்.
ஆதாரைக் கேட்டேன்.
உப்புக்காத்துல வருஷம் அழிஞ்சிபோச்சி என்றாள்.
உப்புக்காற்று அவ்வளவு நேர்கோட்டில் அழிக்காது.
யாரோ பிளேடால் சுரண்டியிருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றாள்.
குதிகாலைக் கொஞ்சம் தூக்கினாள்,
பள்ளிக்கூடத்தில் அளக்கும்போது
பிள்ளைகள் தூக்குவார்களே, அப்படி.
தோளை அழுத்தினேன்.
நூற்று நாற்பத்து மூன்று.
நூற்று நாற்பத்தைந்துக்குக் கீழே என்றால்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டினேன்.
எதுக்கு சிஸ்டர் செவப்பு, என்றாள்.
ஏதோ சொன்னேன்.

எடை முப்பத்தெட்டு.
ரத்தம் ஏழு புள்ளி நான்கு.
கீழிமையை இழுத்துப் பார்த்தால்
ஐஸில் மூன்று நாள் கிடந்த செவுள்.
மாமியார் மீன்காரி.
அந்த நிறத்தில் ஒரு சங்கராவைக்கூட
அவள் வாங்கமாட்டாள்.

வயது என்ற இடத்தில் பதினாறு என்று எழுதினேன்.
பத்து ஒன்பது எட்டுக்குப் போன் போட்டதும் நான்தான்.
அதற்குப் பிறகு அந்தச் சந்தில்
எனக்கு யாரும் தண்ணீர் தருவதில்லை.
விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்த பையன்
இப்போது புழலில்.
லோஷினி அதே வீட்டில்.
அம்மா வீடு வேண்டாமென்று
அவளே எழுதிக் கொடுத்தாள்,
அழகான கையெழுத்து, ஓரம் விட்டு, கோடு போட்டு.

ஏழாம் மாதம் சொன்னாள்,
"கண்ணுல மத்தாப்பு கொளுத்துற மாரி இருக்கு."
முகம் உப்பியிருந்தது.
கொலுசைத் தள்ளினால் அதன் தடம்
காலிலேயே நின்றது.
தலைச்சன்னா அப்பிடித்தான் என்றாள் மாமியார்.
நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து.
இன்னொரு கையிலும் கட்டிப் பார்த்தேன். அதேதான்.

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம்.
நிற்காதே, படு என்றால்
படுத்தால் மூச்சு முட்டுது என்று
சுவரில் சாய்ந்து நின்றாள்.
அளவுகோலின் மேல்தான் சாய்ந்திருந்தாள்.
பார்க்க வேண்டுமென்று பார்க்கவில்லை.
நூற்று நாற்பத்து நான்கு, கொசுறாய் ஒரு கோடு.

அன்றைக்குத்தான் எனக்குக் கணக்குப் புரிந்தது.
வயிற்றில் ஒன்று வளர்கிறது.
வயிறும் வளர்கிறது.
ஒரு தட்டுச் சோற்றுக்கு
இரண்டு பிள்ளைகள் சண்டை போடுகின்றன.
எது ஜெயித்தாலும் தோற்பது வேறு வீடில்லை.

ராயபுரத்தில் ஒரு ஃபிட்ஸ் வந்து,
நாக்கைக் கடித்துக்கொண்டு,
முப்பத்து நான்காம் வாரம் கிழித்து எடுத்தார்கள்.
எலும்பு இன்னும் விரியலை என்றார் டாக்டர்,
கையுறையைக் கழற்றிக்கொண்டே.
ஆண். ஒன்றரைக் கிலோ.
பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டியில்.
இவள் வராண்டாவில்.
பால் பீய்ச்சத் தெரியாமல்
பக்கத்துப் படுக்கைக்காரியிடம் கற்றுக்கொண்டாளாம்.

ஊசி போட வந்தாள் நேற்று.
நெஞ்சோடு வைத்துத் துணியால் கட்டியிருந்தாள்,
சொல்லிக்கொடுத்த மாதிரியே.
அவிழ்த்துத் தராசில் போட்டால் இரண்டு இருநூறு.
வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தேன்,
கடைசிக் கோட்டுக்கும் கீழே.
குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தவள்
பையனை என் கையில் கொடுத்துவிட்டு
யாரும் கேட்காமல் செருப்பைக் கழற்றி
சுவரோடு போய் நின்றாள்.

குதிகால் தரையில்தான் இருந்தது.
குனிந்து பார்த்தேன்.
நூற்று நாற்பத்தைந்தரை.

"அப்போ அடுத்த வாட்டி
செவப்பு ஒட்டமாட்டீங்கதானே சிஸ்டர்?"

பதினைந்தாம் டோக்கன்
கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.
பையன் என் விரலைப் பிடித்திருந்தான்.